பேரில்லாத ஐசுவரியவான்

1

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சேரிக் கோயிலில் உபதேசியார் வாசிக்கிறதைக் காதால் கேட்டதுதான் அதுக்குத் தெரிந்த வேதம். ஒருநாள் லூக்கா 16ஆம் அதிகாரம் வாசிப்பு. வாசலில் புண்ணோடு கிடந்த லாசரு, உள்ளே தினமும் விருந்து தின்ற ஐசுவரியவான், இரண்டு பேரும் செத்துப்போனது, ஐசுவரியவான் நெருப்பில் கிடந்து தண்ணீர் கேட்டது. வாசித்து முடித்ததும் ஆயா எழுந்து நின்று கேட்டது:

"ஏம்ப்பா ஒவதேசியாரே, நெருப்புல வேவுறது யாரு? நம்ம பெரிய கோயிலு ஈஸ்வரரா?"

கோயிலே சிரித்தது. உபதேசியார் எங்கள் தெருப் பிள்ளைதான். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது இல்ல ஆயா. ஐசுவரியவான்னா பணக்காரன்னு அர்த்தம்" என்றார்.

ஆயா உட்காரவில்லை. "பணக்காரன்னா பணக்காரன்னு சொல்றதுதானே. அவனுக்கு எதுக்கு சாமி பேர வெக்கிறீங்க?"

அப்போது நானும் சிரித்தவன்தான். பிறகு வெளியூருக்குப் போய்ப் படித்து, அகராதிகளைப் புரட்டுகிற பழக்கம் வந்த பிறகுதான், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சரியாகக் கேட்டது ஆயா ஒன்றுதான் என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சி. ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். நம்மை ஒடுக்கியதில் அரிவாளுக்கும் சாட்டைக்கும் எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு சொல்லுக்கும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய தன் இதழில் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் போட்டு வம்படித்தது பொழுது போகாமல் அல்ல.

2

ஐசுவரியவான் என்ற சொல் எங்கிருந்து வந்தது? 'ஐசுவரியம்' வடமொழிச் சொல். ஈசுவரன் என்பதிலிருந்து பிறந்தது. ஈசுவரனுக்கு வேர் 'ஈஸ்': உடைமையாக வைத்திருப்பது, ஆள்வது. ஆக ஐசுவரியம் என்றால் முதலில் பணம் அல்ல. ஈசுவரத் தன்மை, ஆளும் தன்மை. பணம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் இருக்கும் 'வான்' உடையவன் என்று பொருள்படும் விகுதி. தனவான், குணவான் என்பதில் இருப்பது. பகவான் என்பதிலும் அதே வான்தான்; 'பக' என்றால் பங்கு, பாக்கியம். பாக்கியத்தை உடையவன் பகவான். ஈசுவரத் தன்மையை உடையவன் ஐசுவரியவான். ஆயா காதில் ஈஸ்வரர் என்று விழுந்தது காதின் கோளாறு இல்லை. சொல்லுக்குள்ளே ஈஸ்வரர் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

இது வடமொழியின் குற்றம் மட்டும்தானா என்று பார்த்தால், இல்லை. லத்தீன் வேதத்தில் இந்தப் பணக்காரனுக்கு வரும் சொல் 'தீவெஸ்'. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த வாரோ என்ற மொழி அறிஞர் அதற்கு விளக்கம் சொல்லும்போது, 'தீவுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார். தீவுஸ் என்றால் தெய்வம். தெய்வத்துக்குக் குறை ஒன்றும் இல்லாததுபோல் பணக்காரனுக்கும் குறை இல்லை என்று தோன்றுவதால் அந்தப் பெயராம். ஆங்கிலத்தின் 'ரிச்' இருக்கிறதே, அது லத்தீனின் 'ரெக்ஸ்', வடமொழியின் 'ராஜன்' இரண்டுக்கும் உறவுக்காரச் சொல். ராஜனைப்போல் இருப்பவன் ரிச். கர்த்தர் என்பதற்கு ஆங்கில வேதத்தில் வரும் 'லார்ட்', பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காவல் காப்பவன் என்று பொருள்பட்ட சொல். சோற்றைப் பூட்டி வைத்திருப்பவன் எவனோ அவன் கர்த்தன். ரோமிலும் காசியிலும் லண்டனிலும் ஒரே கதைதான்.

விருத்தாசலத்தில் மட்டும் வேறு கதையா? இந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரருக்கு இந்த ஊர் ஈஸ்வரர் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார் என்றும், வழியில் கள்வர் பயம் என்று அவர் அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்றும் புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியே இந்தக் கதையை ஒட்டித்தான் சொல்லப்படுகிறது. அந்த ஆற்றுக் கரையில் பரம்பரை பரம்பரையாக மாடு மேய்த்தவர்களுக்கும் நாற்று நட்டவர்களுக்கும் ஒரு காசு கிடைத்ததாகப் புராணம் இல்லை. கொடுக்கிறவரும் ஈஸ்வரர், வாங்குகிறவரும் ஈஸ்வரருக்கு வேண்டியவர். பொன் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆயா கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 1947இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகும் அது போகவில்லை. "கூப்புடாத வூட்டுக்கு எதுக்குப் போவணும்?" என்றது.

3

லூக்கா எழுதியது கிரேக்கத்தில். அவர் போட்ட சொல் 'ப்ளூசியோஸ்'. அதன் அடியில் இருப்பது 'ப்ளூட்டோஸ்', செல்வம். வழிந்தோடுவது, பெருகுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து இது வந்ததாகச் சொல்லியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். தமிழில் செல்வம் என்பதற்குச் செல்வது, நிற்காமல் போவது என்று பழைய உரைகாரர்கள் சொல்லும் பொருள் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கிரேக்கச் சொல்லில் தெய்வம் இல்லை, ராஜா இல்லை; பெருகியது என்ற விஷயம் மட்டும் இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை. கிரேக்கர்கள் பாதாளத்தின் தெய்வத்தை 'ப்ளூட்டோன்' என்றும் அழைத்தார்கள். செல்வம் உடையவன் என்று பொருள். லூக்காவின் பணக்காரன் செத்துப்போய்ச் சேருகிற இடமும் கிரேக்க மூலத்தில் அந்தப் பாதாளம்தான். பணக்காரன் பெரிய பணக்காரனிடம் போய்ச் சேர்கிறான்.

எதிரில் இருக்கிற சொல்லையும் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ஏழைக்கு இரண்டு சொல் உண்டு. 'பெனேஸ்' என்றால் அன்றாடம் உழைத்தால்தான் சோறு என்ற நிலையில் இருப்பவன். 'ப்தோகோஸ்' என்றால் ஒன்றுமே இல்லாமல் கையேந்துகிறவன். குனிந்து ஒடுங்குவது என்ற வினையிலிருந்து வந்தது. லாசருவுக்கு லூக்கா போட்டது ப்தோகோஸ். குனிந்து ஒடுங்கியவன். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் போனவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம்.

ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வெளிவந்த பழைய தமிழ் வேதம் லாசருவைத் 'தரித்திரன்' என்கிறது. இந்த வடமொழிச் சொல்லுக்கு அலைந்து திரிகிறவன் என்பது மூலப்பொருள். ஆனால் தமிழில் தரித்திரம் என்பது வசவு. "தரித்திரம் புடிச்சவனே", "தரித்திரம் வூட்டுக்குள்ள பூந்துடுச்சி" என்று சொல்கிறோம். இல்லாமையைச் சொல்கிற சொல்லாக அது நிற்காமல், தீட்டுப்போலத் தொற்றிக்கொள்ளும் பீடையைச் சொல்கிற சொல்லாகிவிட்டது. ஆக ஒரே கதையில் பணக்காரனுக்கு ஈசுவரனின் பெயர், ஏழைக்கு பீடையின் பெயர். கதை ஒரு பக்கம் நிற்கிறது, மொழி இன்னொரு பக்கம் நிற்கிறது. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வேதத்துக்குக் கண்ணியமான தமிழ் வேண்டும் என்று தேடினார்கள். கண்ணியமான தமிழ் எந்தத் தெருவில் இருந்ததோ அந்தத் தெருவின் கண்ணோட்டமும் கூடவே வந்து சேர்ந்தது.

4

இனி கதையின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். அது பெயர்.

இயேசு சொன்ன உவமைகளில் விதைக்கிறவன் வருகிறான், மேய்ப்பன் வருகிறான், விதவை வருகிறாள், நியாயாதிபதி வருகிறான். யாருக்கும் பெயர் இல்லை. பெயர் உள்ள ஒரே ஆள் லாசரு. எலெயாசர் என்ற எபிரெயப் பெயரின் சுருக்கம். கடவுள் துணை செய்தார் என்று பொருள். மாளிகைக்காரனுக்குப் பெயர் இல்லை. அவனைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் அவன் உடுத்தியதும் தின்றதும் மட்டுந்தான்.

நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர்த் தலைகீழ். இங்கே மாளிகைக்கு முப்பாட்டன் வரை பெயர் உண்டு. கல்வெட்டு உண்டு, பட்டா உண்டு, கோயில் மண்டபத்தில் உபயம் உண்டு. வாசலில் நிற்கிறவனுக்கு "டேய்", "ஏ இவனே", இல்லாவிட்டால் சாதிப் பெயர். மனு சாஸ்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் பெயர் வைப்பதற்கு விதியே இருக்கிறது. பிராமணன் பெயர் மங்களமாக, க்ஷத்திரியன் பெயர் பலமாக, வைசியன் பெயர் செல்வமாக, சூத்திரன் பெயர் இழிவாக இருக்க வேண்டும். அந்த நாலுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி மனு அங்கே பேசக்கூட இல்லை.

என் தாத்தா ஞானஸ்நானத்தில் வேதாகமப் பெயர் ஒன்று வாங்கினார். அந்தப் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவர் வேலை பார்த்த களத்தில் சாகும்வரை அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நெல் அளக்கிற கணக்கில் பழைய பெயரைத்தான் எழுதினார்கள். அதையும் பாதியாக வெட்டி. ஐம்பது வயது ஆளை ஐந்து வயதுப் பையன் அந்தப் பாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். "தோ வர்றன் சின்னாண்டெ" என்று தாத்தா ஓடுவார்.

பெயரில்லாத பணக்காரனை உலகம் அப்படியே விட்டுவைத்ததா? இல்லை. லத்தீன் வேதத்தில் 'தீவெஸ்' வெறும் பெயரடை. பணக்கார என்று பொருள். கேட்டவர்கள் அதையே அவன் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பா முழுக்க 'தீவெஸும் லாசருவும்' என்று பாட்டிலும் பிரசங்கத்திலும் அவனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே ஒரு பழைய கிரேக்கப் பாப்பிரசுச் சுவடியில் அவனுக்கு 'நேவெஸ்' என்று யாரோ பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எகிப்தின் காப்டிக் மொழிபெயர்ப்பில் 'நினெவே'. பணக்காரன் பெயரில்லாமல் இருப்பதைப் படியெடுக்கிறவனால்கூடத் தாங்க முடியவில்லை. அதே சமயம் லாசருவின் பெயர் என்ன ஆனது? 'லாசர்' என்றால் ஐரோப்பாவில் தொழுநோயாளி என்று ஆகிவிட்டது. அவன் பெயரிலிருந்து பிறந்த லாசரெட்டோ என்ற சொல் தொற்றுநோய்க்காரர்களைப் பூட்டி வைக்கிற கட்டடத்துக்குப் பெயர் ஆனது. பெயர் இருந்தவனின் பெயர் நோயாகிவிட்டது. கதை கவிழ்த்துப் போட்டதை வரலாறு மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டது.

5

சேரியில் இருந்து இந்தக் கதையை வாசித்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். பெரிய உரை நூல்களில் இவை அதிகம் பேசப்படுவதில்லை.

ஒன்று, அடக்கம். ஐசுவரியவான் செத்தான், அடக்கம் பண்ணப்பட்டான் என்று கதை சொல்கிறது. லாசரு செத்தான், தேவதூதர்கள் கொண்டுபோனார்கள் என்று சொல்கிறது. லாசருவின் உடலை யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. தேவதூதர் வந்ததில் நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் பிணத்துக்குப் பாதை கேட்டு அடிபட்டவர்களுக்கு அந்த மௌனம் உறுத்தும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் எறையூர். அங்கே ஒரே மாதாவைக் கும்பிடுகிற கிறிஸ்தவர்களுக்குள்ளேயே 2008 மார்ச்சில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். கோயிலிலும் சாவிலும் ஒதுக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்க சாதித் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். கல்லறையில்கூட ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவில் பிளப்பு வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் வேதம் வாசிக்கிறார்கள்.

இரண்டு, தண்ணீர். நெருப்பில் கிடக்கிறவன் குடம் கேட்கவில்லை, செம்பு கேட்கவில்லை. லாசரு தன் விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து வந்து தன் நாக்கைக் குளிர வைக்க வேண்டும் என்கிறான். பாலஸ்தீனத்தில் இதற்கு என்ன அர்த்தமோ, தென்னாற்காட்டில் இதற்கு ஒரே அர்த்தந்தான். சேரிக்காரன் தொட்ட தண்ணீரை நாக்கில் வைக்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். புண்ணாயிருந்த அதே விரல். கிணற்றில் இறங்கக் கூடாது, குளத்தில் கை வைக்கக் கூடாது, டீக்கடையில் தனி கிளாஸ் என்று வைத்தவன், செத்த பிறகு அந்த விரலைத் தேடுகிறான். அம்பேத்கர் 1927இல் மகாடு குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளியதும் இந்த விரலைப் பற்றிய பிரச்சினைதான்.

மூன்று, ஏவல். இதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். அவன் லாசருவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "லாசரு, எனக்குத் தண்ணி குடு" என்று கேட்கவில்லை. ஆபிரகாமிடம் பேசுகிறான், அவனை அனுப்பு என்கிறான். நெருப்பிலும் அவன் ஆண்டை, லாசரு ஆள். அது நடக்காது என்றதும் அடுத்து என்ன கேட்கிறான்? தன் தகப்பன் வீட்டுக்கு லாசருவை அனுப்பி, ஐந்து சகோதரர்களுக்கும் சேதி சொல்லச் சொல்கிறான். சாவுச் சேதி கொண்டுபோவது நம் ஊரில் யார் வேலை? இழவு சொல்லப் போவது யார் தலையில் கட்டப்பட்ட வேலை? மழையானாலும் வெயிலானாலும் பத்து மைல் நடந்து ஆண்டை வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லி, வாசலிலேயே நின்று, போட்ட கூலியை வாங்கிக்கொண்டு திரும்பியது யார்? செத்தும் அவன் லாசருவை இழவு சொல்ல அனுப்புகிறான். ஆபிரகாம் முடியாது என்கிறார். வேதத்தில் எனக்குப் பிடித்த 'முடியாது' இது. சேரிகளில் பறை அடிக்க மாட்டோம், இழவு சொல்ல மாட்டோம் என்று எழுந்த ஒவ்வொரு மறுப்பும் அதே சொல்தான்.

நான்கு, மௌனம். இது லூக்காவின் மேலேயே நமக்குள்ள விமர்சனம். லாசரு கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாசலில் கிடந்தபோதும் பேசவில்லை, ஆபிரகாமின் மடியில் இருந்தபோதும் பேசவில்லை. பணக்காரன் பேசுகிறான், ஆபிரகாம் பேசுகிறார். பேச்சு இரண்டு பெரியவர்களுக்குள் நடக்கிறது. லூக்கா அவனுக்குப் பெயர் கொடுத்தார், வாய் கொடுக்கவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது பல பேருக்கு அதிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். மடியில் உட்கார வைத்துவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். லாசரு பேசுவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

6

பணக்காரன் என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன பொருள்? இதைக் கேட்காமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்தபோது, வெளியே தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு மனப்பாடம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், ஒருவர் காரே வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்புவதற்குக் கடினமாக இருக்கிறதாம்.

இங்கே பணக்காரன் என்ற சொல் என்ன வேலை செய்கிறது பாருங்கள். அது வெறும் வருமானத்தைச் சொல்லவில்லை. சாட்சி சொல்கிறது. நிரபராதி என்று சாட்சி சொல்கிறது. ஈசுவரத் தன்மை உடையவன் எப்படித் தீ வைப்பான்? வாரோ சொன்னதும் நீதிமன்றம் சொன்னதும் ஒன்றுதான்: அவனுக்குக் குறை இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. மிராசு என்பதும் வாரிசுச் சொத்து என்று பொருள்படும் அரபுச் சொல். வாரிசாக வந்தது நிலம் மட்டும் அல்ல. சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவன் என்கிற பெயரும் வாரிசாக வந்தது. லூக்காவின் கதையில் ஆபிரகாம் பணக்காரன் மேல் தனிக் குற்றச்சாட்டு எதையும் வாசிக்கவில்லை. அடித்தான், திருடினான், கொளுத்தினான் என்று ஒன்றும் இல்லை. வாசலில் ஒருவன் கிடந்தான், உள்ளே இவன் தின்றான். அவ்வளவே போதுமான குற்றம் என்று கதை நினைக்கிறது. வெண்மணித் தீர்ப்போ எரித்த குற்றத்துக்கே போதுமான ஆதாரம் இல்லை என்றது.

7

இனி மொழிபெயர்ப்பு விஷயம். 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் 'திருவிவிலியம்' வந்தது. வடமொழி குறைந்தது, நல்ல தமிழ் வந்தது. ஐசுவரியவான் போய்ச் 'செல்வர்' வந்தார். தரித்திரன் போய் 'ஏழை' வந்தார். வந்தார் என்றுதான் எழுத வேண்டும். இரண்டு பேரும் அதில் 'அவர்' ஆகிவிட்டார்கள். லாசரு 'அவர்' ஆனது பெரிய விஷயம். வாசலில் கிடந்தவனுக்குத் தமிழில் முதல் தடவையாக மரியாதை விகுதி கிடைத்திருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய வேதத்தில் இரண்டு பேரும் 'அவன்'. ஆயாவின் காலத்தில் சேரியில் ஒருவர் நிலக்காரனை 'அவன்' என்று வாய் திறந்து சொன்னால் முதுகுத் தோல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கோயிலுக்குள் சத்தமாக, எல்லோரும் கேட்க, ஐசுவரியவானும் மரித்தான், அவன் வேதனைப்பட்டான் என்று வாசிக்கலாம். அந்த 'அவன்' எங்களுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே 'அவன்'. புதிய மொழிபெயர்ப்பு லாசருவை உயர்த்தியபோது பணக்காரனின் மரியாதையையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. தவிர, செல்வத்தைத் தெய்வமாக்குகிற வேலையைத் தமிழும் செய்திருக்கிறது. 'திரு' என்றால் செல்வம், திரு என்றால் புனிதம், திரு என்றால் லட்சுமி. புத்தகத்தின் பெயரிலேயே அது முன்னால் நிற்கிறது.

அப்படியானால் எந்தச் சொல்? பணக்காரன் என்று போடலாமே என்றது ஆயா. ஆனால் பணக்காரன் என்பது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. யாரோடு என்ன உறவு என்று சொல்லவில்லை. பணக்காரன் தனியாக ஒரு தீவில் இருக்கலாம். லூக்காவின் ஆள் தனியாக இல்லை, அவனுக்கு ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் ஆள் கிடந்தால்தான் அவன் அவன். அந்த உறவைச் சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது. 'ஆண்டை'. ஆள் என்ற வேரிலிருந்து வந்தது. ஆள்வது என்றால் ஆட்சி. ஆள் என்றால் வேலைக்காரன், பண்ணையாள். ஒரே வேரில் இரண்டு பக்கமும் இருக்கிறது. வடமொழியின் 'ஈஸ்' ஆண்டவனை மட்டும் பெற்றது. தமிழின் 'ஆள்' ஆண்டையையும் பெற்றது, ஆளையும் பெற்றது.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். ஆண்டவர் என்பதும் அதே வேர்தான். தினமும் "ஆண்டவரே" என்று ஜெபிக்கிற வாய்தான் தினமும் "ஆண்டெ" என்று கூப்பிட்டது. கடவுளையும் நிலக்காரனையும் நம்மால் ஒரே சொல்லில்தான் கூப்பிட முடிந்திருக்கிறது என்பதே பெரிய சாட்சியம். ஆனால் ஆண்டையை நெருப்பில் போட்டு, ஆண்டவர் அவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும்போது, அந்தச் சொல் அங்கேயே இரண்டாக உடைகிறது. ஐசுவரியவான் என்ற சொல் அப்படி உடையாது. கேட்கிறவருக்கு அது வெறும் சத்தம்.

8

இரண்டு எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தோழர்கள் சொல்வது. செத்த பிறகு நியாயம் கிடைக்கும் என்கிற கதை அபின்தானே, இங்கே பட்டினி கிட, அங்கே மடியில் உட்கார் என்பதுதானே என்கிறார்கள். பெரும்பாலான பிரசங்கங்கள் அப்படித்தான் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை முடிகிற இடத்தைப் பாருங்கள். செத்தவன் திரும்பி வந்து சொன்னால் என் சகோதரர்கள் திருந்துவார்கள் என்கிறான் பணக்காரன். வேண்டியதில்லை, அவர்களிடம் மோசேயும் தீர்க்கதரிசிகளும் இருக்கிறார்கள் என்கிறார் ஆபிரகாம். மோசே என்றால் சட்டம். அற்புதம் தேவையில்லை, ஏற்கெனவே எழுதி வைத்த சட்டம் இருக்கிறது, அதைச் செய்யச் சொல் என்கிறார். நமக்கும் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஐந்து சகோதரர்களுக்கும் அது தெரியும். தெரியாததுபோல் விருந்து நடக்கிறது. கதை மேலுலகத்தைக் காட்டிவிட்டுக் கடைசியில் இந்த உலகத்துச் சட்டப் புத்தகத்தைத்தான் கையில் கொடுக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு நம் மேலேயே வருவது. எங்கள் ஊர்க்காரரான இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதில் ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண், கத்தோலிக்கப் பெண், சேரிக்குத் துணி வெளுத்து, பிள்ளைப்பேறு பார்த்து, ராத்திரியில் வீடுவீடாகச் சோற்றுக்குப் போகிறாள். அவள் நிற்கிற வாசல் ஊர்த் தெருவின் வாசல் அல்ல, நம்முடைய வாசல். நாவல் வந்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றார்கள். எனக்கும் வந்தது. இப்போது லூக்காவை வாசிக்கும்போது அந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று படுகிறது. வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு ஆண்டை இருக்கிறான். நம் வீட்டுக்கும் வாசல் இருக்கிறது. ஆண்டை என்ற சொல்லை வேதத்தில் போடச் சொல்கிற நான், ஆரோக்கியம் என் அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அம்மா செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் பல வருஷம் பொம்மை வேலை பார்த்தது. வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, தண்ணீரை அச்சு உறிஞ்சியதும் பிரித்து எடுத்து, காய வைத்துச் சீவி, சூளைக்கு அனுப்புவார்கள். கிறிஸ்துமஸ் சீசனில் குடில் பொம்மை. மேய்ப்பருக்கும் ராஜாவுக்கும் ஒரே மண், ஒரே சூளை, ஒரே சூடு. ராஜாவுக்குக் கடைசியில் தங்கக் கலர் பூச வேண்டும். அதற்குத் தனிக் கூலி இல்லை. தூசியால் அம்மாவுக்கு இருமல் வந்தது, வேலை போனது. பெயர் கேட்டு யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க அது ஒரு நோட்டில் 'பொம்பள ஆள் 4' என்று இருந்தது.

ஆயா கடைசிக் காலத்தில் நடவில் இந்தக் கதையைப் பெண்களுக்குச் சொல்லும். நான் வரப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஐசுவரியவான் என்று அது ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "ஒரு ஆண்டெ இருந்தான். அவன் வாசல்ல நம்ம லாசரு கெடந்தான்" என்றுதான் ஆரம்பிக்கும். "நம்ம" என்ற சொல் கிரேக்கத்திலும் இல்லை, 1871இலும் இல்லை, 1995இலும் இல்லை.

உங்கள் ஊர்களில் இந்தக் கதையை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். பிரசங்கத்தில் வருகிற சொல்லை அல்ல. ஆயாக்கள் சொல்கிற சொல்லை.